பர்சனல் ஸ்டேட்மெண்ட் எழுதுவது எப்படி: வெற்றுப் பக்கத்திலிருந்து அனுப்பும் நாள் வரை

2007இல் யூகாஸ், அதாவது பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கிப் பிரித்து அனுப்பும் அமைப்பு, மாணவர்கள் விண்ணப்பத்தோடு தங்களைப் பற்றி எழுதித் தரும் பர்சனல் ஸ்டேட்மெண்ட்களில் 50,000ஐ ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் கெமிஸ்ட்ரி செட் வைத்து விளையாடப்போய்ப் பைஜாமாவில் ஓட்டை விழுந்த கதை அவற்றில் 234 கட்டுரைகளில் இருந்தது. அத்தனை பேருக்கும் அறிவியல் ஆர்வம் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்ததாம்.

முதலில் அதை எழுதியவருக்கு அது நிஜமாகவே நடந்திருக்கலாம். மற்றவர்கள் எங்கேயோ பார்த்து எடுத்துக்கொண்டவர்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். வெற்றுப் பக்கத்தின் முன் உட்கார்ந்த எவருக்கும் வருகிற பயம்தான் அது: என் வாழ்க்கையில் எழுதுகிற மாதிரி ஒன்றுமே நடக்கவில்லையே! தெரிந்தவர்களின் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் நண்பர்கள் என்று சில வருடங்களாக டிராஃப்ட் படித்துக் கொடுத்து வருகிறேன், எல்லோரும் முதல் நாள் இதைத்தான் சொல்கிறார்கள். அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்தால் ஏதாவது ஒன்று வெளியே வரும், அதை அவர்களே ஒரு பொருட்டாக நினைத்திருக்க மாட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எழுதினால் போதும். எப்படி என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

உங்களிடம் கேட்டது என்ன?

பர்சனல் ஸ்டேட்மெண்ட் என்ற ஒரே பெயரில் வேறு வேறு கட்டுரைகள் உலவுகின்றன. எது உங்களுடையது என்று தெரியாமல் எழுத ஆரம்பித்தால், நன்றாக எழுதியும் வீணாகப் போகும்.

பிரிட்டனுக்கு என்றால் கட்டுரை படிப்பைப் பற்றியது. முன்பு ஒரே நீளக் கட்டுரையாகக் கேட்டார்கள். 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், இதுவரை படித்தது அதற்கு உங்களை எப்படித் தயார்படுத்தியது, வகுப்புக்கு வெளியே வேறென்ன செய்தீர்கள், அது ஏன் உதவும். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள்தான், இடைவெளியும் கணக்கில் சேரும். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்துகள் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் நிறைய பழைய முறைக்கு எழுதியவை, தேதி பார்த்துப் படியுங்கள். இன்னொன்று, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் இந்த ஒரே ஸ்டேட்மெண்ட்தான் போகும். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதினால் மற்ற நான்கு இடங்களில் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு என்றால் கதையே வேறு. பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப்பில் கேட்கும் கட்டுரை 250 முதல் 650 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அது பாடத்தைப் பற்றியது அல்ல, ஆளைப் பற்றியது. நீங்கள் எப்படி யோசிப்பவர், எதைக் கண்டு மாறினீர்கள் என்பதைத்தான் தேடுவார்கள். பாடத்தைப் பற்றிய கேள்வியைப் பல கல்லூரிகள் தனியாக, சின்னச் சின்னக் கட்டுரைகளாகக் கேட்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் காமன் ஆப் பக்கமே வருவதில்லை, எட்டுக் கேள்விகள் கொடுத்து நான்குக்கு மட்டும் பதில் கேட்கும், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள்.

முதுநிலை, முனைவர் படிப்புக்குக் கேட்பது பெரும்பாலும் எஸ்ஓபி, அதாவது ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்பஸ், எதற்காகப் படிக்க வருகிறீர்கள் என்று சொல்லும் கட்டுரை. ஓரிரு பக்கம் வரும். இதுவரை என்ன செய்தீர்கள், இனி எந்தக் கேள்வியைத் துரத்தப் போகிறீர்கள், அதற்கு இந்தத் துறை ஏன் சரியான இடம். இங்கே பேராசிரியர் பெயர், ஆய்வுக்கூடத்தின் பெயர் எல்லாம் வரலாம், வரத்தான் வேண்டும். சில இடங்களில் எஸ்ஓபி ஒன்று, பர்சனல் ஸ்டேட்மெண்ட் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்பார்கள். அப்போது ஒன்றில் எழுதியதையே மற்றொன்றில் மாற்றி மாற்றி எழுதிவைக்காதீர்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் கேட்கிற மோட்டிவேஷன் லெட்டர் எஸ்ஓபியின் தம்பி மாதிரி, ஒரு பக்கத்தில் கடித வடிவத்தில் இருக்கும்.

ஆக, முதல் வேலை கேள்வியைத் தாளில் கையால் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுவது. அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் மூன்றாவது வாரத்தில் நீங்கள் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்போது அந்தத் தாள்தான் இழுத்துப் பிடிக்கும்.

பாடத்திட்டத்தைப் படியுங்கள், விளம்பரப் பக்கத்தை அல்ல

பல்கலைக்கழக இணையதளத்தில் சிரித்த முகங்களும் பச்சைப் புல்வெளியும் இருக்கும் பக்கத்தைத் தாண்டி உள்ளே போனால் முதல் வருடம், இரண்டாம் வருடம் என்று பாடங்களின் பட்டியல் இருக்கும். ஒரு மாலைப் பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். உளவியல் என்றால் மனிதர்களோடு பேசுவது என்று நினைத்திருப்பவர் அங்கே புள்ளியியல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அசந்து போவார். பொருளாதாரம் ஓர் இடத்தில் கணக்காகவும் இன்னோர் இடத்தில் கொள்கை, வரலாறாகவும் இருக்கும். எந்தப் பாடத்தின் பெயரைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கும் என்று எட்டிப்பார்க்கத் தோன்றியது, எதைப் பார்த்துப் பயமாக இருந்தது என்று இரண்டு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பட்டியல் கட்டுரைக்கு. இரண்டாவது பட்டியல் நீளமாகிக்கொண்டே போனால் விண்ணப்பத்தையே ஒருமுறை யோசிக்கலாம், அதுவும் லாபம்தான்.

எழுதாதீர்கள், பேசுங்கள்

கட்டுரை என்றதும் எல்லோரும் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து மேடைப் பேச்சுக் குரலில் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் முதல் சரக்கை எழுதிச் சேர்க்க வேண்டாம். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு நடந்துகொண்டே பேசுங்கள், வீட்டில் எந்த மொழியில் பேசுகிறீர்களோ அதிலேயே. சில கேள்விகள் தருகிறேன். யாரும் சொல்லாமல் நீங்களாகத் தேடிப் படித்தது எது? எந்த விஷயத்தில் ஆசிரியர் சொன்னது சரியில்லையோ என்று சந்தேகம் வந்தது, பிறகு யார் சொன்னது சரியாக இருந்தது? செய்து கெட்டுப்போனது எது, கெட்டுப்போன பிறகு என்ன செய்தீர்கள்? எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் "போதும்பா" என்பார்கள்? கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது, அதற்கு வரும் பதில் அநேகமாகப் பொய்யாக இருப்பதில்லை.

இரண்டு நாள் கழித்துக் கேட்டுப்பாருங்கள். குரல் எங்கே வேகமாகிறதோ, எங்கே நீங்கள் அடுக்கடுக்காக விவரம் சொல்கிறீர்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பரிசு வாங்கியதைச் சொல்லும்போது குரல் தட்டையாக இருக்கும், ஏதோ ஒரு கணக்குத் தப்பாக வந்ததைச் சொல்லும்போது மூச்சு வாங்கும். கட்டுரை அந்தத் தப்புக் கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு விஷயம், கிட்டத்தில் போய்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்து இது இல்லாவிட்டால் கட்டுரை நிற்காது. கணினி அறிவியலுக்கு விண்ணப்பித்த ஒரு பையனின் முதல் டிராஃப்ட் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"சிறு வயதிலிருந்தே கணினி மீது எனக்குத் தீராத ஆர்வம். தொழில்நுட்பம் இன்று உலகையே மாற்றி வருகிறது. பள்ளி நூலகத்துக்காக ஒரு மென்பொருளை உருவாக்கினேன். இதன் மூலம் பிரச்சினைகளைத் தீர்க்கும் திறனையும் விடாமுயற்சியையும் வளர்த்துக்கொண்டேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை அழித்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். மூன்றாவது வாக்கியத்தில் மட்டும் ஒரு பொருள் இருக்கிறது: நூலக மென்பொருள். அது என்ன செய்யும் என்று கேட்டேன். புத்தகம் எத்தனை நாள் தாமதம் என்று கணக்குப் போடும் என்றான். சரியாகப் போட்டதா என்று கேட்டேன். அப்போதுதான் சிரித்தான். அடுத்த இரண்டு வாரத்தில் அந்தப் பத்தி இப்படி மாறியது:

"பிப்ரவரி 28 அன்று திருப்ப வேண்டிய புத்தகத்தை மார்ச் 1 அன்று கொண்டுவந்தவருக்கு என் நிரல் ஒரு நாள் தாமதம் என்று காட்டியது. அது 2024, லீப் வருடம். உண்மையில் இரண்டு நாள். நான்கால் வகுபடும் வருடமெல்லாம் லீப் வருடம் என்று திருத்தினேன். 1900 நான்கால் வகுபட்டும் லீப் வருடம் இல்லை என்பதைப் பிறகுதான் படித்தேன். எக்செல்லில் போட்டுப் பார்த்தால், 1900 பிப்ரவரி 29 என்ற வராத நாளை அது ஏற்றுக்கொண்டது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அந்தப் பிழையைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். பிழை என்றால் திருத்த வேண்டியதுதானே என்று நினைத்திருந்த எனக்கு, திருத்தினால் அதை நம்பி ஓடுகிற மற்றவை உடையும் என்பது புதிது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை உடைக்காமல் எப்படி மாற்றுவது என்பதைக் கற்க விரும்புகிறேன்."

ஆர்வம் என்ற சொல்லே இல்லை. விடாமுயற்சியும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு இரண்டும் தெரிகிறது. ஒரு நாள் பிசகிய கணக்கிலிருந்து ஆரம்பித்து, விதியைத் தேடி, பெரிய நிறுவனத்தின் மென்பொருள்வரை போய், கடைசியில் ஒரு கேள்வியோடு வந்து நிற்கிறான், அந்தக் கேள்விக்கு நேராக மென்பொருள் பொறியியல் என்று ஒரு பாடம் அவன் போட்டுவைத்த பட்டியலிலேயே இருந்தது. பார்த்தது, தடுக்கியது, தேடியது, அதனால் இப்போது என்ன தெரிய வேண்டும் என்று போகிற இந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பாடத்துக்கும் எழுதலாம்.

மருத்துவம், செவிலியர் படிப்புக்கு எழுதுபவர்களுக்கு வேறொரு சிக்கல். தாத்தாவின் நோய். இதில் எனக்குக் கேலி இல்லை, பலருக்கு உண்மையிலேயே அங்கேதான் ஆரம்பித்திருக்கும். ஆனால் அந்த 2007 ஒப்பீட்டிலேயே நோயுற்ற தாத்தாவைக் குறிப்பிட்டவர்கள் 175 பேர். தாத்தாவை விட வேண்டாம், உங்கள் துக்கத்தைச் சொல்லும் வரிகளைக் குறைத்துவிட்டு அங்கே நீங்கள் கண்ட வேலையைச் சொல்லுங்கள். ஒரு பெண் எழுதியிருந்தாள்: மாத்திரை கொடுக்க வரும் செவிலியர் ஒவ்வொரு முறையும் தாத்தாவின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்பார். நான்கு நாளாகப் பார்க்கிறவர், தெரியாதா என்று அவளுக்கு எரிச்சல். பிறகு ஒரு நாள் அவரிடமே கேட்டிருக்கிறாள். மருந்து ஆள் மாறிப் போய்விடாமல் இருக்க, தெரிந்த முகமாக இருந்தாலும் இரண்டு அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி என்றாராம். நினைவை நம்பாமல் நடைமுறையை நம்புவதும் அக்கறைதான் என்று அவள் அடுத்த வரி எழுதியிருந்தாள். தாத்தாவைப் பற்றி எழுதிய எல்லாருக்கும் நடுவில் அந்த ஒரு பிறந்த தேதி நிற்கும்.

வரிசை

முதல் வரியை யோசித்துக்கொண்டே ஒரு வாரம் போக்கியவர்களை எனக்குத் தெரியும். நடுவிலிருந்து எழுதுங்கள். மேலே சொன்ன மாதிரி உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த பத்தியை முதலில் எழுதி முடித்தால், ஆரம்பம் அநேகமாக அதற்குள்ளேயே இருக்கும், அதைத் தூக்கி மேலே வைத்தால் போதும். மேற்கோளோடு ஆரம்பிப்பதை மட்டும் செய்யாதீர்கள். உங்களுக்கு என்று கொடுத்த சின்ன இடத்தில் ஐன்ஸ்டைனை எதற்கு உட்கார வைக்கிறீர்கள், அவர் விண்ணப்பிக்கவில்லையே.

யூகாஸின் மூன்று கேள்விகளுக்கு எழுதுகிறவர்களுக்கு வரிசைக் கவலை பாதி தீர்ந்தது. சொன்னதையே இரண்டு பதில்களில் சொல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. முதல் கேள்விக்கு அந்த ஒரு விஷயம், இரண்டாவதற்கு வகுப்பில் படித்ததில் அதோடு ஒட்டுவது, மூன்றாவதற்கு வேலை, தன்னார்வப் பணி, வீட்டில் சுமந்த பொறுப்பு. கடைசியில் சொன்னது முக்கியம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டதும் பகுதி நேர வேலையில் கல்லாவில் உட்கார்ந்ததும் எழுதத் தகாதவை என்று நினைத்து விட்டுவிட்டு, ஒரே ஒரு நாள் போன பயிலரங்கை எழுதுகிறார்கள். எனக்கு இது புரிவதே இல்லை.

ஒரே கட்டுரையாக எழுதுகிறவர்கள், குறிப்பாக எஸ்ஓபி, கால வரிசையில் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிறந்தேன், வளர்ந்தேன், பன்னிரண்டாம் வகுப்பில் தேறினேன் என்று வருவதற்குள் படிப்பவர் அடுத்த கோப்பை எடுத்திருப்பார். இப்போது உங்களைக் குடைகிற கேள்வியை முதலில் வையுங்கள், அதற்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று பின்னால் போங்கள், அப்புறம் அந்தத் துறையில் யாரோடு, எந்தப் பாடத்தில் அதைத் தொடர முடியும் என்று சொல்லுங்கள். பேராசிரியரின் பெயரை எழுதினால் அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்திருக்க வேண்டும். "உங்கள் புகழ்பெற்ற ஆய்வுகள் என்னைக் கவர்ந்தன" என்ற வரியை எழுதியவர் எதையும் படிக்கவில்லை என்பது எழுதியவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

குறைந்த மதிப்பெண், விட்டுப்போன வருடம்

ஒளிக்க வேண்டாம், அழவும் வேண்டாம். என்ன நடந்தது என்று ஒரு வாக்கியம், பிறகு என்ன செய்தீர்கள் என்று ஒரு வாக்கியம், இப்போது நிலை என்ன என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான். முதலில் வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள்: காமன் ஆப்பில் கூடுதல் தகவலுக்கு என்று தனி இடம் இருக்கிறது, யூகாஸில் சூழ்நிலைக் காரணங்களைப் பரிந்துரை எழுதும் ஆசிரியர் தன் பகுதியில் சொல்லலாம். அங்கே போக வேண்டியதைக் கட்டுரைக்குள் இழுத்தால் உங்கள் இடம்தான் குறையும். ஒரு வருடம் வீட்டில் இருந்தீர்கள் என்றால் அந்த வருடத்தில் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். துறை மாறுகிறீர்கள் என்றால் பழைய துறையைத் திட்டாதீர்கள், அது கற்றுத்தந்த ஒன்றைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோவதாகக் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொந்த வாழ்க்கையின் காயத்தை எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுத விரும்பினால் எழுதலாம். விருப்பமில்லாமல், முகம் தெரியாத ஒருவருக்கு அதைத் திறந்து காட்டவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஆங்கிலத்தில் எழுதும்போது

நம்மில் பெரும்பாலானோர் ரெக்கார்டரில் ஒரு மொழியில் பேசிவிட்டு வேறு மொழியில் எழுத வேண்டியிருக்கும். பேசியதை வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள், விறைத்துப்போகும். கேட்டுவிட்டு மூடிவைத்து, அதே விஷயத்தை ஆங்கிலத்தில் ஒரு நண்பருக்கு மெயில் எழுதுவதாக நினைத்துப் புதிதாக எழுதுங்கள். நீங்கள் வாயால் சொல்லாத சொல்லைக் கட்டுரையில் போட வேண்டாம். அகராதியில் தேடிப் போட்ட பெரிய சொல், கடன் வாங்கிய கோட்டு மாதிரி தோளில் நிற்காது. தீராத ஆர்வம் என்ற பொருளில் வரும் பேஷன் (passion) என்ற சொல்லை அறவே விட்டுவிடலாம், தமிழில் எழுதினால் துணிக்கடை ஞாபகம் வருகிறது, ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றுமே ஞாபகம் வருவதில்லை.

வாக்கியத்தின் நீளத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். சத்தமாக வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வெட்டுங்கள், வெட்கமாக இருக்கிற இடத்தையும் வெட்டுங்கள். வெட்கம் அநேகமாகப் பொய்க்கு அருகில்தான் வரும்.

வெட்டுவது

முதல் டிராஃப்ட் அளவைவிட ஒன்றரை மடங்கு வந்தால் நல்லது, வெட்டச் சரக்கு இருக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் 4,000 எழுத்து என்பது ஏறக்குறைய 600 முதல் 650 சொல் வரும், நினைத்ததைவிடச் சின்ன இடம். வெட்டுவதற்கு என் வழி இது: ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும், இதை இன்னொருவர் அப்படியே எழுத முடியுமா என்று கேட்டு, ஆம் என்றால் பென்சிலால் கோடு போடுவேன். கோடு போட்டதையெல்லாம் நீக்கிவிட்டுப் படித்தால் கட்டுரை சில இடங்களில் தொங்கும். தொங்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன வாக்கியத்தைத் திரும்ப வையுங்கள். மதிப்பெண் பட்டியலில் ஏற்கனவே இருப்பது, சான்றிதழ்களின் வரிசை, "இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் நான் கடுமையாக உழைப்பேன்" என்ற உறுதிமொழி, மூன்றும் முதலில் போக வேண்டியவை.

ஒரு டிராஃப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது மூன்று நாள் விடுங்கள். இதற்காகவே சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மற்றும் பிரிட்டனில் பெரும்பாலான மருத்துவ, பல் மருத்துவ, கால்நடை மருத்துவப் படிப்புகளுக்கு யூகாஸின் கடைசி தேதி அக்டோபர் 15, மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி. இரண்டு மாதம் முன்பு ரெக்கார்டரைக் கையில் எடுத்தால் நிதானமாக முடிக்கலாம். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றாலும் முடியும், தூக்கம்தான் கெடும்.

யாரிடம் காட்டுவது, எதைக் கொண்டு எழுதக் கூடாது

இரண்டு பேர் போதும். ஒருவர் அந்தப் பாடம் தெரிந்தவராக இருக்கட்டும், அவரிடம் கேட்க வேண்டியது, தகவல் தப்பாக இருக்கிறதா என்று மட்டும். இன்னொருவர் உங்களை நன்றாகத் தெரிந்தவர். அவரிடம், இது நான் பேசுகிற மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆறு பேரிடம் காட்டினால் ஆறு பேரும் தங்கள் கட்டுரையை உங்கள் கட்டுரைக்குள் எழுதப் பார்ப்பார்கள், முடிவில் கூட்டறிக்கை மாதிரி ஒன்று வரும். அம்மா அப்பா "இன்னும் கொஞ்சம் பெருமையா எழுதேன்" என்பார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

ஏஐ பற்றிக் கேட்காதவர் இப்போது இல்லை. ஏஐ எழுதிய உள்ளடக்கத்தைச் சொந்த எழுத்தாகக் கொடுப்பதைக் காமன் ஆப் 2023இலேயே மோசடி விதிக்குள் சேர்த்துவிட்டது. முழுவதையும் அல்லது பெரும்பகுதியை ஏஐயிடம் எழுதி வாங்கித் தன்னுடையது என்று அனுப்புவதைப் பல்கலைக்கழகங்கள் ஏமாற்றாகக் கருதலாம் என்று யூகாஸும் சொல்கிறது. எல்லா ஸ்டேட்மெண்ட்களையும் ஒற்றுமை பார்க்கும் மென்பொருளில் ஓட்டி, மாட்டினால் நீங்கள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கும் தெரிவித்துவிடுவார்கள். விதி ஒருபுறம் இருக்கட்டும். அந்த நூலக நிரலின் பிசகோ செவிலியர் கேட்ட பிறந்த தேதியோ எந்தக் கருவிக்கும் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்லி முடிக்கும்போது கட்டுரையின் கஷ்டமான பாகத்தை நீங்களே செய்துவிட்டிருப்பீர்கள். எழுத்துப்பிழை பார்க்க, எங்கே புரியவில்லை என்று கேட்கப் பயன்படுத்துங்கள், அதையும் நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தின் விதியைப் படித்துவிட்டு.

அனுப்பும் நாள்

நான் முதுநிலைக்கு விண்ணப்பித்த வருடம் ஆறு இடங்களுக்கு எஸ்ஓபி அனுப்பினேன். ஒன்றை அனுப்பிய மறுநாள் காலை சும்மா திறந்து பார்த்தால் கடைசிப் பத்தியில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. பதில் என்ன வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதிலிருந்து யாருக்கு டிராஃப்ட் படித்தாலும், அனுப்புவதற்கு முன் தேடும் வசதியைத் திறந்து மற்ற எல்லாப் பல்கலைக்கழகப் பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்டித் தேடச் சொல்கிறேன். கோப்பின் பெயரையும் பாருங்கள், "கடைசி_புதுசு_3" என்று ஒரு கோப்பு சேர்க்கைக் குழுவின் கையில் போய்ச் சேர வேண்டாம்.

வேர்டில் எழுதி இணைய விண்ணப்பத்தின் பெட்டிக்குள் ஒட்டினால் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து எல்லாம் போய்விடலாம், சில நேரம் மேற்கோள் குறிகள் கிறுக்கலாக மாறும். ஒட்டிய பிறகு முழுவதையும் பெட்டிக்குள்ளேயே ஒருமுறை படியுங்கள், எழுத்து எண்ணிக்கையும் அங்கே காட்டுவதுதான் கணக்கு. கடைசி நாள் கடைசி மணி நேரத்தில் இணையதளம் திணறும், தேதி எந்த நாட்டு நேரப்படி என்பதும் குழப்பும், அதனால் இரண்டு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள்.

அனுப்பியதன் பிரதி ஒன்றை பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். நேர்காணல் இருக்கிற படிப்பு என்றால் முந்தின இரவு அதைத்தான் படிக்க வேண்டும், ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கையிலும் அதுதான் இருக்கும். அந்தப் பையனிடம் நேர்காணலில் முதல் கேள்வியே, "1900 இல்லை என்றால் 2000 லீப் வருடமா, ஏன்?" என்றுதான் வந்ததாம். நானூறால் வகுபடும் என்று சொல்லிவிட்டு, எக்செல் விஷயத்துக்கு அவனே பேச்சைத் திருப்பியிருக்கிறான், இருபது நிமிடம் அதிலேயே போயிருக்கிறது.